நேற்றைய பாப் நட்சத்திரங்களை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா?

கானி பிரான்சிஸ் என்ற அமெரிக்கப் பாடகி 1960-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தார். அமெரிக்க இசைத் தொழில் இதழான பில்போர்ட்டின் 'ஹாட் 100' பாடல் தரவரிசைப் பட்டியலில் தனிப் பாடகியாக முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். அது நடந்தது 1960-இல். பிறகு பல பத்தாண்டுகள் பெரிய சத்தமில்லை. 2025-இல் திடீரென்று அவர் குரல் கோடிக்கணக்கான கைப்பேசிகளில் ஒலித்தது. 'பிரிட்டி லிட்டில் பேபி' என்ற பாட்டுக்கு இளசுகள் டிக்டாக்கில் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அது அவருடைய பெரிய ஹிட் பாட்டு அல்ல. 1962-இல் வந்த ஓர் ஆல்பத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்த பாட்டு. 87 வயதாகியிருந்த பாடகியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பாட்டைப் பாடியதே தனக்கு நினைவில்லை என்றும், போட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

சரி, இப்போது சொல்லுங்கள்: கானி பிரான்சிஸை இளைய தலைமுறை நினைவில் வைத்திருக்கிறதா, இல்லையா? அவர் குரல் அவர்களுக்குத் தெரியும். பெயர் தெரியுமா என்றால் பாதிப் பேருக்குமேல் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் அந்தக் காலத்தில் எதற்காகக் கொண்டாடப்பட்டாரோ அந்தப் பாடல்களில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு இன்னாரைத் தெரியுமா?" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் சண்டை முடியாமல் இழுப்பதற்கு இதுதான் காரணம். 'தெரியும்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு விஷயங்களைப் போட்டுத் திணிக்கிறோம். ஒரு பாட்டு ஒலித்தால் "இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்" என்பது ஒன்று. பாடியவர் பெயரைச் சொல்ல முடிவது இன்னொன்று. அவர் யார், எந்தக் காலத்தவர், ஏன் பெரிய ஆள் என்று தெரிந்திருப்பது அதற்கும் மேலே. யாரும் சொல்லாமல், தானாகவே அவர் பாட்டைத் தேடிப்பிடித்துக் கேட்பது கடைசிப் படி. முதல் படியில் நூறு பேர் நின்றால் கடைசிப் படியில் ஓரிருவர் நிற்பார்கள். நட்சத்திரத்தின் ரசிகர்கள் எதிர்பார்ப்பது கடைசிப் படியை. உலகம் பெரும்பாலும் கொடுப்பது முதல் படியை.

நினைவு இரண்டு விதம்

ஒரு மனிதருக்கு நினைவு இருப்பதுபோல ஒரு சமூகத்துக்கும் நினைவு உண்டு என்று 1920-களில் எழுதியவர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர். இதைக் 'கூட்டு நினைவு' என்கிறோம். நாம் தனியாக நினைவுகூர்வதாக நினைப்பது பலவும் குடும்பம், நண்பர்கள், ஊர் என்று ஏதோ ஒரு கூட்டத்தின் பேச்சிலிருந்து வருவதுதான் என்பது அவருடைய வாதம். பின்னாளில் யான் அஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை இரண்டாகப் பிரித்தார். நம் விஷயத்துக்கு அந்தப் பிரிவுதான் சாவி.

முதலாவது பேச்சில் வாழும் நினைவு. பார்த்தவர்கள், கேட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பேசுகிறார்கள். அப்பா வண்டி ஓட்டும்போது பாட்டுப் போடுகிறார், அத்தை சமைக்கும்போது முணுமுணுக்கிறார். இந்த நினைவுக்கு எந்த நிறுவனமும் தேவையில்லை, ஆட்கள் போதும். ஆனால் ஆட்கள் போனால் அதுவும் போகும். மூன்று, நான்கு தலைமுறை. அதிகம் போனால் எண்பது, நூறு ஆண்டு என்று அஸ்மான் கணக்குச் சொன்னார்.

இரண்டாவது ஏற்பாடுகளில் வாழும் நினைவு. ஆவணக் காப்பகம், பாடப்புத்தகம், அருங்காட்சியகம், நினைவு நாள், திரைப்படம், மறுவெளியீடு, விருது, சிலை. இதற்கு நேரில் பார்த்த சாட்சி தேவையில்லை. ஆனால் யாராவது உழைக்க வேண்டும், பணம் போட வேண்டும், உரிமை வாங்க வேண்டும்.

பாப் நட்சத்திரத்துக்கு இக்கட்டு வருவது முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாண்டும் இடத்தில்தான். அவரை இளமையில் கேட்டவர்கள் இருக்கும்வரை எல்லாம் தானாக நடக்கும். "இவரையெல்லாம் மறக்க முடியுமா" என்று அப்போது தோன்றும். அந்தக் கூட்டம் கரையத் தொடங்கும்போது, ஏற்பாடுகள் தயாராக இல்லையென்றால், கதை முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனையில் கொடிகட்டிப் பறந்தவர் பில்லி மரே. பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? நிபுணர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கு வாய்த்தது குழாயில் பாடி மெழுகில் பதித்த காலம். மின் ஒலிவாங்கி பதிவுக்கூடத்துக்குள் வந்ததே 1925-இல்தான். அந்தக் கரகரப்பைத் தாண்டி இன்றைய காது உள்ளே போவதில்லை.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இதையெல்லாம் பேசிக்கொண்டே இருக்காமல் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பின்னணி. நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்கும் நிகழ்வுகளைக் கேட்டால், சுமார் 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்திலிருந்து அளவுக்கு அதிகமாக எடுத்துச் சொல்வார்கள். உளவியலில் இதை 'நினைவு மேடு' என்று சொல்லலாம். பாட்டு விஷயத்தில் இந்த மேடு விடலைப் பருவத்தில் நன்றாகவே தெரியும். ஒவ்வொருவருக்கும் தன் பதினைந்து வயதில் வந்த பாட்டுதான் பாட்டு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹன்ஸலும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 20 வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான ஹிட் பாடல்களின் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் வயதுக்கேற்ற புதிய பாடல்களுக்கு மாணவர்கள் ஒட்டுதல் காட்டியதில் வியப்பில்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் இன்னொரு மேடு தெரிந்தது. அவர்களுடைய பெற்றோர் இளவட்டமாக இருந்த காலம் அது! பிள்ளைகள் பிறக்கும் முன்பே வந்துபோன பாடல்களுக்குப் பிள்ளைகளிடம் பாசம். அதற்கும் பின்னால் 1960-களில் சின்னதாக மூன்றாவது மேடு; அது தாத்தா பாட்டியின் கைங்கரியமாக இருக்கலாம். ஆக, நினைவு மேடு பரம்பரைச் சொத்தாகவும் இறங்குகிறது. வீட்டில் பொதுவாக ஒலித்த பாட்டு பிள்ளையின் காதிலும் ஏறிவிடுகிறது.

இரண்டாவது, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டது. 643 பேர், பெரும்பாலும் 18 முதல் 25 வயது. 1940 முதல் 2015 வரை பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களிலிருந்து சிலவற்றைக் கேட்கவைத்து "தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார்கள். மிகப் புதிய பாடல்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்தன. அங்கிருந்து 2000 வரை பின்னோக்கிப் போகப் போக அடையாளம் காண்போர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. இப்படியே போனால் சீக்கிரமே பூஜ்யத்தைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. 1960-களிலிருந்து 1990-களின் இறுதிவரை கிட்டத்தட்ட சமதளமாக நின்றது. அதற்கு முந்தைய 1940, 50-களின் பாடல்கள் மறுபடி மெல்லச் சரிந்தன.

அந்தச் சமதளம் சராசரிதான் என்பதை மறக்கக் கூடாது. அதே காலத்து முதலிடப் பாடல்களிலேயே, பெர்சி ஸ்லெட்ஜின் 1966 காதல் பாட்டை நிறையப் பேர் அடையாளம் கண்டார்கள். வேறு பல முதலிடப் பாடல்களை ஏறக்குறைய யாருமே காணவில்லை. அன்றைக்கு எல்லாமே நம்பர் ஒன். ஐம்பது ஆண்டு கழித்து ஒன்று நிற்கிறது, ஒன்று காற்றில் போய்விட்டது. பழைய பாட்டெல்லாம் தரம், புதியதெல்லாம் குப்பை என்ற நம் பழக்கப்பட்ட புலம்பலும் இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பழைய குப்பை நம் காதுவரை வந்து சேரவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, அதே காலத்தையொட்டி வந்த இன்னோர் ஆய்வு. கிறிஸ்டியன் காண்டியா, செசார் ஹிடால்கோ, ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி முதலானவர்கள் பாடல்கள், படங்கள், அறிவியல் கட்டுரைகள், காப்புரிமைகள், தனிமனிதர்கள் மீதான கவனம் எப்படித் தேய்கிறது என்று கணக்கிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே வடிவம்: முதலில் வேகமான சரிவு, பிறகு நீண்ட, மெதுவான சரிவு. முதல் கட்டம் பேச்சு நினைவு, இரண்டாம் கட்டம் ஏற்பாட்டு நினைவு. அஸ்மான் சொல்லால் பிரித்ததை இவர்கள் எண்ணால் பிரித்துக் காட்டினார்கள் எனலாம். முதல் கட்டம் பாடல்களுக்குத்தான் மிகக் குறைவு, ஐந்தாறு ஆண்டுகள். தனிமனிதர்களுக்கு 20 முதல் 30 ஆண்டுகள். பாட்டின் சூடு சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஆளைப் பற்றிய பேச்சு ஒரு தலைமுறைக்குத் தாக்குப்பிடிக்கிறது.

எல்விஸே தப்பவில்லை

ஏற்பாட்டு நினைவுக்கு உலகில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு என்றால் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. 1977-இல் இறந்தார். அவருடைய வீடான கிரேஸ்லேண்ட் 1982-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். அப்புறம் அவரைப் போல உடுத்திப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம், ரீமிக்ஸ், தபால்தலை, படம். 2002-இல் அவருடைய பழைய பாட்டு ஒன்றின் ரீமிக்ஸ் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இவ்வளவு இருந்தும், 2017-இல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் எடுத்த கணிப்பில், 18 முதல் 24 வயதுக்காரர்களில் 29 விழுக்காட்டினர் எல்விஸ் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்றார்கள். அவர்களுக்கு எல்விஸைத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. வெள்ளை ஜம்ப்சூட், தூக்கிச் சீவிய முடி, இடுப்பாட்டம் என்றால் யாரென்று சொல்லிவிடுவார்கள். பாட்டுதான் தெரியாது. கானி பிரான்சிஸுக்கு நடந்ததன் நேரெதிர். அங்கே குரல் தங்கியது, ஆள் நழுவினார். இங்கே ஆள் தங்கினார், குரல் நழுவியது. ஒரு பாடகருக்கு இதில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். படமாக மட்டும் எஞ்சுவது மாறுவேடப் போட்டிக்குத்தான் உதவும்.

எல்விஸுக்கு அடுத்தபடியாக 1950-களின் இறுதியில் அமெரிக்கப் பட்டியல்களில் அதிகம் இடம்பிடித்தவர் பாட் பூன். கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை வெள்ளையின வானொலிகளுக்கு ஏற்ற மாதிரி மென்மையாக்கிப் பாடிப் பெயர் வாங்கினார். கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யை இவரும் பாடினார். அன்றைய பட்டியலில் மூலத்தைவிட இவர் பாடியதே மேலே போனது. இன்றைக்கு யாராவது அந்தப் பாட்டைத் தேடினால் லிட்டில் ரிச்சர்டின் கத்தலைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தக்கவை என்று வைத்திருக்கும் ஒலிப்பதிவுப் பட்டியலில் இருப்பதும் அவருடையதுதான். இரண்டாம் கட்ட நினைவைக் கையாள்பவர்கள் வேறு ஆட்கள்: விமர்சகர்கள், வரலாற்றாளர்கள், பின்னால் வந்த இசைக் கலைஞர்கள். அன்று இசைத்தட்டு வாங்கியவர்களின் ஓட்டு இங்கே செல்லாது. விற்பனையில் ஜெயித்தவர் வரலாற்றில் தோற்பதும், தோற்றவர் ஜெயிப்பதும் இதனால்தான்.

கதவு திறக்கும் வழிகள்

பழைய பாட்டு புதிய காதுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். இன்றைக்கு அகலமான வாசல் திரை.

பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1985-இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்', 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் சீசனில் வந்தது. கதையில் ஒரு சிறுமியின் உயிரைக் காப்பாற்றுவதே அந்தப் பாட்டுதான். 37 ஆண்டு கழித்து பிரிட்டனில் முதலிடம். முதல் தடவை வந்தபோது மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அதே 2022-இல் நம் பக்கமும் இதே கூத்து. 'விக்ரம்' படத்தின் ஒரு சண்டைக் காட்சியில், 1995-இல் வந்த 'அசுரன்' படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' ஒலித்தது. அந்த ஆண்டு முழுக்க ரீல்ஸில் அதே பாட்டு. அதற்கு இசையமைத்த ஆதித்யன் 2017-லேயே மறைந்துவிட்டார். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 1991-இன் 'குணா' பாட்டை உச்சக்கட்டத்தில் வைத்தபோது, 'கண்மணி அன்போடு' என்று தொடங்கினால் போதும், 'குணா' வந்தபோது பிறந்தே இராதவர்கள் மீதியைப் பாடினார்கள்.

மூன்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள். பாட்டு பின்னணியில் சும்மா ஓடவில்லை. கதையின் முக்கியமான நொடியோடு பிணைந்திருந்தது. வெறுமனே காதில் விழுந்த பழைய பாட்டு பழைய பாட்டாகவே இருக்கும். அழுகையோ சிரிப்போ பயமோ சேர்ந்து வரும்போது, கேட்பவருக்கு அது தன் வாழ்க்கையில் நடந்த புது அனுபவமாகிவிடுகிறது. விடலைப் பருவத்தில் அது நடந்தால், அவருடைய நினைவு மேட்டிலேயே 1985-இன் பாட்டு இடம்பிடித்துவிடும்.

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் 'பொஹிமியன் ராப்சடி'க்கு இப்படிப் பல வாசல்கள் திறந்தன. 1975-இல் பிரிட்டனில் முதலிடம். 1991-இல் பாடகர் பிரெடி மெர்குரி இறந்ததும் மறுபடி முதலிடம். 1992-இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் காருக்குள் தலையாட்டிப் பாடும் காட்சியால் அமெரிக்காவில் இரண்டாமிடம். 2018-இல் பாட்டின் பெயரிலேயே அவர் வாழ்க்கைக் கதை படமாக வந்தது. சராசரியாகப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை யாரோ ஒருவர் பதினைந்து வயதுக்காரர்களுக்கு அந்தப் பாட்டை அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு வாசல் நாட்காட்டி. பிரெண்டா லீ 1958-இல், 13 வயதில், ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார். 2023 டிசம்பரில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு 78 வயது. பண்டிகைப் பாட்டுக்கு விளம்பரமே வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை உலகமே எடுத்துத் தூசி தட்டும். ஆனால் அதே பிரெண்டா லீ 1960-களில் பாடிய மற்ற ஹிட் பாடல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தற்செயலும் உண்டு. 2020-இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே ஜூஸ் குடித்தபடி ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். பின்னணியில் பிளீட்வுட் மேக் குழுவின் 1977 பாட்டு. அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் மீண்டும் முதல் பத்துக்குள் நுழைந்தது. ஜப்பானிய பாடகி மிகி மட்சுபாரா 1979-இல் பாடிய பாட்டு ஒன்று 2020-இல் உலகம் சுற்றியது. பாடகி 2004-லேயே இறந்துவிட்டார். மொழி தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். இதற்கெல்லாம் யாரும் திட்டம் போட முடியாது. போடுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

ஆனால் தற்செயலுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: பாட்டு எடுக்கத் தக்க இடத்தில் இருக்க வேண்டும். இதுதான் பலர் கவனிக்காத பகுதி. ஆலியா என்ற அமெரிக்கப் பாடகி 2001-இல் 22 வயதில் விமான விபத்தில் இறந்தார். அவருடைய இசையின் பெரும்பகுதி, உரிமை வைத்திருந்த நிறுவனத்தோடு இருந்த இழுபறியால், 2021 வரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வரவே இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்துவிட்டது. டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவின் நிலை இன்னும் சிக்கல். 1989-இல் தொடங்கிய அவர்களுடைய ஆல்பங்கள் வேறு பாடல்களின் துண்டுகளை ஒட்டித் தைத்தவை. ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி வேண்டும். அதெல்லாம் தீர்ந்து 2023 மார்ச்சில்தான் தளங்களுக்கு வந்தன. குழுவின் மூவரில் ஒருவர் அதற்குச் சில வாரங்கள் முன்பு, பிப்ரவரியில், இறந்துபோனார். இசைத்தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து சிடி, சிடியிலிருந்து தளம் என்று ஒவ்வொரு குடிபெயர்ப்பிலும் சிலர் பழைய வீட்டிலேயே விடுபட்டுப்போகிறார்கள். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய பாட்டில் பணம் இருக்கிறது என்று நிறுவனங்களுக்கும் புரிந்துவிட்டது. அமெரிக்கப் பாடகர்களில் பாப் டிலன் தன் பாடல்களின் உரிமையை 2020-இல் யுனிவர்சலுக்கும், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2021-இல் சோனிக்கும் விற்றார்கள். கோடிகளைக் கொட்டி வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? படத்துக்குக் கொடுப்பார்கள், விளம்பரத்துக்குக் கொடுப்பார்கள், ரீமிக்ஸ் போடச் சொல்வார்கள். ஏற்பாட்டு நினைவைக் காக்கும் வேலை அருங்காட்சியகங்களின் கையிலிருந்து முதலீட்டாளர்கள் கைக்கும் போயிருக்கிறது. இதன் பலன் ஏற்கெனவே பெரியவர்களாக இருப்பவர்களுக்குத்தான்; நடுத்தர நட்சத்திரத்தின் உரிமையை யாரும் அத்தனை விலைக்கு வாங்குவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் கேட்கப்படும் இசையில் சுமார் 70 விழுக்காடு பழைய இசை என்ற கணக்கை 2021-க்குப் பிறகு அடிக்கடி மேற்கோள் காட்டினார்கள். பிள்ளைகளெல்லாம் தாத்தா பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று பூரித்தவர்களும் உண்டு. அந்தக் கணக்கில் 'பழையது' என்றால் வெளிவந்து 18 மாதம் ஆனது. போன வருடத்துக்கு முந்தைய வருடப் பாட்டும் பீட்டில்ஸும் ஒரே கூடையில் கிடக்கின்றன.

பாட்டு நிற்கும், பெயர் விழும்

தமிழில் பார்த்தால் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரம். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. இன்று இருபது வயதுக்காரருக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்திருப்பது பெரும்பாலும் இரண்டு சொற்கள்: மன்மத லீலை. அந்தப் படத்தின் பாட்டு வரியிலிருந்து பிய்த்தெடுத்த அந்தச் சொற்கள் 1976-இல் ஒரு படத்துக்கும் 2022-இல் இன்னொரு படத்துக்கும் தலைப்பாகின. சொல் நடமாடுகிறது, யார் பாடியது என்ற சீட்டு கிழிந்துவிட்டது.

இலங்கையில் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட ஏ.ஈ. மனோகரன் 2018-இல் காலமானார். 'சுராங்கனி'யை எடுத்துவிட்டால் எந்த வயதுக்காரரும் கூடவே கைதட்டிப் பாடுவார். பாடியவர் யார் என்று கேட்டால் தயங்குவார். பலர் அதை நாட்டுப்புறப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு யாருடையதும் இல்லாமல் எல்லோருடையதும் ஆகிவிடுவது ஒருவகைப் பெருமைதான். பாடகரின் குடும்பத்துக்கு அது பெருமையாக இருக்குமா என்பது சந்தேகம்.

பெயரும் பாட்டும் சேர்ந்தே தாண்டியவர்களும் உண்டு. ஸ்வீடனின் ஆபா பாப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றார்கள், 1982-இல் ஓய்ந்தார்கள். 80-களில் அவர்களைக் கேட்பதாகச் சொல்லிக்கொள்வதே பலருக்கு வெட்கமாக இருந்தது. 1992-இல் தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பு. 1999-இல் அவர்கள் பாடல்களை வைத்தே லண்டனில் ஓர் இசை நாடகம். 2008-இல் அந்த நாடகம் படமானது. 2022-இல் லண்டனில் இதற்கென்றே கட்டிய அரங்கில், இளமைத் தோற்றத்தோடு கணினி உருவங்கள் பாடும் நிகழ்ச்சி. அம்மா, மகள், பேத்தி மூவரும் சேர்ந்து போகும்படியாக ஒவ்வொன்றும் இருந்தது. சும்மா அமையவில்லை: பாடல்களை எழுதிய இருவரும் உயிரோடு இருந்து, ஒவ்வொரு திட்டத்திலும் கைவைத்து, வேண்டாததை மறுத்து, வேண்டியதைக் காத்திருந்து செய்தார்கள்.

அந்த மூன்று தலைமுறைக் கூட்டுக் கேட்பு இனி எப்படி நடக்கும் என்பதுதான் இன்றைய நட்சத்திரங்களின் கவலையாக இருக்க வேண்டும். கார்னெல் மாணவர்களிடம் தெரிந்த இரண்டாவது மேடு, ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்த காலத்தின் விளைச்சல். அப்பாவின் ரசனையைப் பிள்ளை விரும்பிக் கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் கேட்டது. இன்று அப்பா ஒரு இயர்போன், மகள் ஒரு இயர்போன். 2010-களில் இளவட்டமாக இருந்தவர்கள் இப்போது பெற்றோர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த பாடகர்கள் அவர்கள் பிள்ளைகளின் காதுக்கு வீட்டுக்குள்ளிருந்து வரப்போகிறார்களா, அல்லது ஒரு தளத்தின் பரிந்துரைப் பட்டியல் வழியாக மட்டும் வரப்போகிறார்களா என்பது 2040 வாக்கில் யாராவது மறுபடி இருபது வயதுக்காரர்களை உட்காரவைத்துத் துணுக்குகளைப் போட்டுக் காட்டும்போது தெரியும். மேடு இல்லாமல் கோடு தட்டையாக வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.